ஒரு பக்கச் சக்கரம்

கணவனின் உடலை முன் அறையில் கிடத்திய கையோடு அவள் செருப்பைத் தேடினாள்.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்களின் பேச்சு நின்றது. புருஷன் செத்த வீட்டில் அழுகிறவளைப் பார்த்திருக்கிறார்கள், மயங்கி விழுகிறவளைப் பார்த்திருக்கிறார்கள். செருப்பு மாட்டுகிறவளை இப்போதுதான் பார்க்கிறார்கள்.

"எங்கேம்மா கிளம்பிட்ட?" என்று வழிமறித்தார் கண்டக்டர். கணவனின் அண்ணன். பஸ்ஸை விட்டு இறங்கி வருடங்கள் ஆகியும் தெருவுக்கு அவர் கண்டக்டர்தான். ஆளை ஏற இறங்கப் பார்ப்பதில் டிக்கெட் இல்லாதவனைத் தேடும் பழக்கம் இன்னும் போகவில்லை.

"அவரோட நல்ல சட்டை லாரியில இருக்கு. எடுத்துட்டு வந்துடறேன்."

"லாரி குவாரியிலதான் நிக்குதுன்னு உன் தம்பி சொன்னானே?"

"மெக்கானிக் பட்டறையில நிக்குது. துக்கம் கேட்க வந்தவர் வாய் தவறிச் சொல்லிட்டாரு."

கண்டக்டர் அவளைச் சுவரோரம் கூட்டிப் போய்க் குரலை இறக்கினார். "அப்போ அதுவும் பொய். பார்த்தியா? என்கிட்ட, மாமா சாப்பிட்டுட்டு சாஞ்சாரு, அப்படியே போயிட்டாருங்கறான். டாக்டர்கிட்ட, நான் ஜல்லி மேல தார்ப்பாய் கட்டிட்டு இருந்தேன், திரும்பிப் பார்த்தா முடிஞ்சுபோச்சுன்னு சொல்லியிருக்கான். சட்டையில பட்டன் எல்லாம் பிஞ்சு கிடக்கு. நெஞ்சுல சிராய்ப்பு. தூக்கத்துல போறவனுக்கு எதுக்கும்மா பட்டன் பிய்யணும்?"

அந்தச் சிராய்ப்பை அவளும் பார்த்திருந்தாள்.

"டாக்டர் மாரடைப்புன்னு எழுதிக் கொடுத்துட்டாரு. சாயங்காலம் சுடுகாட்டு வேன் வந்துடும். அதுக்குள்ள நீ ஒரே ஒரு வார்த்தை சொல்லு, எடுக்கறதை நிறுத்திட்டு போலீசுக்குப் போன் போட்டுடறேன். நான் சொன்னா வேண்டாதவன் சொல்றான்னு போயிடும். அவன் உன் கூடப் பிறந்தவன். நீதான் சொல்லணும்."

தெருமுனைப் பக்கம், பந்தல் நிழல் எட்டாத இடத்தில், தம்பி குந்தியிருந்தான். உடலை வேனிலிருந்து இறக்கியதோடு சரி. முன் அறைக்குள் அவன் இன்னும் காலை வைக்கவில்லை. மாமாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தையும்.

சந்தேகப்படக் காரணம் வேண்டுமென்றால் காரணமும் இருந்தது. தம்பி மாமாவோடு லாரியில் போய் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தான். போன வாரம் கணவர் சாப்பிட்டுக்கொண்டே சத்தம் போட்டார். "உன் தம்பி கிளட்ச்சை மிதிக்கறதில்ல, உதைக்கறான். என் டிப்பரைக் கொன்னுடுவான். இந்த மாசத்தோட சரி. இனிமே ஸ்டியரிங்கைத் தொடட்டும், கையை ஒடிக்கிறேன்!" வெளியே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த தம்பி, கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு போனான்.

அந்த மாசம் முடியவில்லை. மனுஷன் முடிந்துவிட்டார்.

பட்டறையில் மஞ்சள் டிப்பர் பின்பக்கம் ஜாக்கி ஏறி நின்றது. அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"அண்ணே."

கால்கள் உள்ளே போய், தலை வெளியே வந்தது. ஊர் அவரைக் கிரீஸ் என்று கூப்பிடும். கை அழுக்குக்காக வைத்த பேர் இல்லை. அவர் நாக்கு எந்த இடத்திலும் சிக்காமல் ஓடும், அதற்காக வைத்தது.

"ஐயோ, நீ எதுக்கும்மா இங்கே வந்த?"

"சட்டை எடுக்க. வண்டிக்கு என்ன ஆச்சுண்ணே?"

"அதை இன்னிக்கா கேட்கறது?"

"இன்னிக்குத்தான் கேட்கணும்."

கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டார். "உடைஞ்சிருக்கற உடைசலை உன் புருஷன் பார்த்திருந்தா இதைப் பார்த்தே செத்திருப்பான்..." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்க தங்கச்சி. என் வாயிருக்கே!"

"பரவாயில்ல. காட்டுங்க."

அவள் குனிந்து பார்த்தாள். கிரீஸ் டார்ச் அடித்துக் காட்டிக்கொண்டே வந்தார். முன்னால் இன்ஜின். அதை ஒட்டிக் கிளட்ச். அப்புறம் கியர் பாக்ஸ். அதிலிருந்து வண்டியின் வயிற்றோடு நீண்டு போகும் தடித்த ஷாப்ட். கடைசியில், பின் சக்கரங்களுக்கு நடுவே, பூசணிக்காய் போல் உப்பிய டிஃபரன்ஷியல். கல்யாணமான நாளிலிருந்து சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் கேட்ட பெயர்கள். போனில் மட்டும் பேசிய சொந்தக்காரர்களைச் சாவு வீட்டில் முதல் முறை பார்ப்பது போல, ஒவ்வொன்றுக்கும் இப்போதுதான் முகம் தெரிந்தது.

"பூசணிக்காயிலேருந்து ரெண்டு பக்கமும் கை மாதிரி ஒரு ராடு போகும். ஆக்சில். அதுதான் சக்கரத்தைச் சுத்த வைக்கும். இடது பக்கத்து ஆக்சில்தான் போயிடுச்சு."

சாக்கின் மேல் கிடந்த இரண்டு துண்டுகளைக் காட்டினார். மணிக்கட்டைவிடத் தடியான எஃகு. முறிந்த இடம், துணி பிழிந்தது போல முறுக்கிக்கொண்டு இருந்தது.

அவள் குரலில் ஈரமே இல்லை. "யாராவது முன்னாடியே அறுத்து வெச்சிருக்கலாமா?"

கிரீஸ் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "அறுத்தா தட்டையா இருக்கும்மா. பழைய விரிசல்னா உள்ளே கருத்திருக்கும். இது பாரு, புதுப் பாத்திரம் மாதிரி மின்னுது. ஒரே உதையில போனது. லோடோட, ஏத்தத்துல, முதல் கியரைப் போட்டு, ஆக்சிலேட்டரை மொத்தமா மிதிச்சுக்கிட்டு கிளட்ச்சை வெடுக்குன்னு விட்டிருக்கான். பேய் துரத்தினாத்தான் அப்படி ஓட்டுவாங்க."

"ஏத்தத்துலயா? ஜல்லி ஏத்தற இடத்துல நிக்கலையா வண்டி?"

"இல்லையே. நான்தானே போய் இழுத்துட்டு வந்தேன். குவாரிப் பள்ளத்துலேருந்து மேல வர்ற பாதையில பாதியில நின்னுது, மூஞ்சி ஊரைப் பார்த்து."

தார்ப்பாய் கட்டும்போதே மாமா போய்விட்டார் என்றால், லோடோடு ஏற்றத்தில் அப்படி ஒரு ஓட்டம் எதற்கு? செத்தவருக்கு என்ன அவசரம்? அவசரம் வேறு யாருக்கோ.

"அங்கேருந்து வண்டி நகரவே இல்லையா? இன்னொரு பக்கத்து ஆக்சில் நல்லாத்தானே இருக்கு?"

"அங்கேதான் இருக்கு விஷயம்." கிரீஸுக்குச் சாவு மறந்துபோனது. "வளைவுல ஒரு சக்கரம் அதிகம் ஓடணும், ஒண்ணு கம்மியா ஓடணும். அதனால டிஃபரன்ஷியல் என்ன பண்ணும், எந்தப் பக்கம் லேசா சுத்துதோ அந்தப் பக்கமா ஓட்டத்தைத் தள்ளிவிட்டுடும். உடைஞ்ச பக்கத்தைவிட லேசு எது? இன்ஜின் கொடுக்கறது மொத்தமும் அங்கேயே வீணாப் போயிடும். நல்ல பக்கம் தேமேன்னு நிக்கும். உருப்படாத பிள்ளைக்கே அள்ளி அள்ளிக் கொடுக்கற அப்பன் மாதிரி."

"அப்போ நகர வழியே இல்ல."

"ஏன் இல்ல?"

அவர் கேபினுக்குள் ஏறினார். அவளும் மறுபக்கத்துக் கதவைத் திறந்து படியில் கால் வைத்தாள். டாஷ்போர்டின் நடுவில் கறுப்பு டேப் ஒட்டியிருந்த இடத்தைக் கிரீஸ் நகத்தால் உரித்தார். உள்ளே ஒரு சுவிட்ச்.

"லாக்கு. இதைத் தட்டினா ரெண்டு பக்கமும் ஒண்ணாப் பூட்டிக்கும். லோடை அங்கேயே கொட்டிட்டு, இதைப் போட்டு, கிளட்ச்சை மெதுவா விட்டிருந்தா, நல்லா இருக்கற ஒரு பக்கச் சக்கரமே தார் ரோடு வரைக்கும் இழுத்துட்டு வந்திருக்கும். உன் தம்பி டிரைவரா என்ன, இதுகூடத் தெரியாம?"

"டேப் யாரு ஒட்டினது?"

கிரீஸின் நாக்கு முதல் முறையாகச் சிக்கியது. "உன் புருஷன்தான்மா. என்கிட்டதான் டேப் வாங்கினான். கெட்டித் தரையில இதைப் போட்டுக்கிட்டு வளைச்சா வண்டி நாசமாயிடும். மச்சான் கை சும்மா இருக்காது, இப்படி ஒரு சுவிட்ச் இருக்கறதே அவனுக்குத் தெரிய வேணாம்னு சொல்லி ஒட்டினான்."

அவள் சீட்டுக்குப் பின்னால் மடித்து வைத்திருந்த சட்டையை எடுத்தாள். நிமிரும்போது கீழே ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. பட்டன்கள். டிரைவர் சீட்டுக்கு அடியில் இல்லை, அவள் நின்ற பக்கத்தில், உட்கார்ந்து வருகிறவரின் காலடியில். கவிழ்ந்து கிடந்த தண்ணீர் பாட்டிலின் பக்கத்தில்.

பொறுக்கி எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். ஆக, அவர் இந்த சீட்டில் இருந்திருக்கிறார். ஏற்றத்தில். தம்பி ஓட்டியிருக்கிறான். சட்டை இங்கேதான் பிய்ந்தது.

வீட்டு வாசலில் கண்டக்டர் கையில் போனோடு நின்றார். "என்னம்மா?"

"கொஞ்சம் பொறுங்க."

தம்பி வீட்டின் பின்புறம், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். அவள் கையை விரித்தாள். பட்டன்களைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது.

"தார்ப்பாய் கட்டிட்டு இருந்தேன்னு சொன்னியே? சொல்லுடா. வாசல்ல ஒருத்தர் போனோட நிக்கறாரு. நான் தலையாட்டினா போதும்."

"ஆட்டுக்கா."

அவள் இதை எதிர்பார்க்கவில்லை.

"ஆட்டு. நான்தான் கொன்னேன். என்ன பண்ணணுமோ பண்ணட்டும்."

"என்ன பண்ணினே?"

"ஜல்லி ஏத்தி முடிச்சு கிளம்பறப்போ, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டாரு. வண்டியை நீ எடுடான்னாரு. என்னைக்கா! என்னை எடுக்கச் சொன்னாரு. அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு, இது சாதாரண வலி இல்லைன்னு. லோடைக் கொட்டணும்னு தோணலை. ஒண்ணுமே தோணலை. ஏத்தத்துல ஒரு தடவை ஆஃப் ஆயிடுச்சு. பக்கத்துல மூச்சு கர்ருகர்ருங்குது. முழுசா மிதிச்சு விட்டேன். டமார்னு ஒரு சத்தம்." அவன் வலது காலால் இடது பாதத்தை மிதித்தான், நசுக்குவது போல. "இந்தக் கால்தான். தினமும் திட்டுவாரே, உதைக்காதடான்னு. இந்தக் கால்தான்."

"அப்புறம்?"

"இன்ஜின் கத்துது, வண்டி நகரலை. பள்ளத்துல போன் எடுக்காது. சட்டையைப் பிச்சு நெஞ்சை அமுக்கினேன். தண்ணி கொடுத்தேன், இறங்கலை. ஓடிப்போய் ஆளைக் கூட்டிட்டு வரலாம்னா, என் கையை விடலை. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான்கா போனாரு. உடனே இல்ல. நான் எல்லாருக்கும் உடனேன்னு சொன்னேன். என்னால எப்படி..."

முடிக்க முடியாமல் டிரம்மைப் பிடித்துக்கொண்டான். கொலைகாரனைப் பிடிக்க வந்த இடத்தில் தம்பி நின்றிருந்தான்.

"ஏதாவது சொன்னாராடா?"

"பேச்சு வரலை. கையைத் தூக்கி டாஷ்போர்டைக் காட்டினாரு. காட்டிக்கிட்டே இருந்தாரு. அங்கே என்ன இருக்கு, டேப் ஒட்டின ஒரு ஓட்டை, அதுக்கு மேல ஃபேன். வேர்த்துக் கொட்டுதே, காத்து கேட்கறாருன்னு ஃபேனைப் போட்டேன். அப்பவும் கையை இறக்கலை. அவர் பக்கமாத் திருப்பி வெச்சேன். தலையை ஆட்டினாரு. அப்புறம் கண்ணுல தண்ணி வந்துச்சு. கையை மெதுவா இறக்கி, என் கை மேல வெச்சாரு." மூக்கை உறிஞ்சினான். "அது ஒண்ணுதான்கா. கடைசியா அவர் கேட்டதைச் செஞ்சுட்டேன். அந்த ஒண்ணை நினைச்சுத்தான் நிக்கறேன்."

அவள் வாயைத் திறந்தாள். உள்ளே 'சுவிட்ச்' என்ற வார்த்தை தயாராக இருந்தது. வெளியே விட்டால் போதும், மிச்ச வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

"ஆமாடா," என்றாள். "அவருக்குப் புழுக்கம் தாங்காது."

பின்கதவில் நிழல் விழுந்தது. கண்டக்டர். அவருக்குப் பின்னால், குளித்து வேறு சட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்த கிரீஸ்.

"வேன் வந்துடுச்சும்மா," என்றார் கண்டக்டர். கண் தம்பியின் மேல் இருந்தது. "என்ன பண்ணலாம்?"

"எடுத்துடலாம்."

"நல்லா யோசிச்சுத்தான்..."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத்தான் ஓட்டியிருக்கான். வழியில வண்டி உடைஞ்சுபோச்சு. நம்மகிட்ட சொல்லத் தைரியம் இல்ல. அவ்வளவுதான். எடுங்க."

கண்டக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போனைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

கிரீஸ் போகவில்லை. தம்பி அவரைப் பார்த்துவிட்டான்.

"அண்ணே, ஒண்ணு கேட்கறேன். ஆக்சில் உடைஞ்ச பிறகு... எப்படியாவது மேல ஏத்தியிருக்கலாமா? வேற யாராவது ஓட்டியிருந்தா?"

கிரீஸ் வாயைத் திறந்தார். அவள் அவரையே பார்த்தாள். பேசவில்லை, தலையாட்டவில்லை. பார்த்தாள்.

"அது..." தெருவையே சிரிக்க வைக்கும் அந்த நாக்கு எங்கோ போய்த் தட்டுத்தடுமாறித் திரும்பி வந்தது. "ஆக்சில் போனா போனதுதான்டா. யாரா இருந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

சொல்லிவிட்டு நிற்காமல் நடந்தார்.

உள்ளே ஆட்கள் தூக்கத் தயாராகும் சத்தம் கேட்டது. "தலைப்பக்கம் யாரு?" என்று யாரோ கூப்பிட்டார்கள்.

"முகத்தைக் கழுவு," என்றாள் அவள். "நீதான் தலைப்பக்கம் பிடிக்கணும்."

அவன் குனிந்து இரண்டு கைகளையும் குவித்து நீட்டினான். அவள் டிரம்மில் மொண்டு ஊற்றினாள். குவளை காலியானது. அவன் கண்ணை மூடியபடி கையை நீட்டிக்கொண்டே இருந்தான். அவள் மறுபடியும் மொண்டாள்.