யோசப் கேட்ட சத்தம்

பாக்பைப் என்றால் என்னவென்று தமிழனுக்கு விளக்கியே என் ஆயுளில் பாதி போய்விட்டது. "செத்தவீட்டில ஊதிறதுதானே?" என்பார்கள். "நாதஸ்வரத்துக்குப் பை கட்டிவிட்டமாதிரி" என்பார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். உடனே பாடம் தொடங்கிவிடுவேன். வாயால் ஊதிப் பையை நிரப்ப வேண்டும், முழங்கையால் அமுக்க வேண்டும், தோளில் சாய்ந்திருக்கும் மூன்று குழலும் ஒரே சுருதி பிடித்து நிற்கும், மூச்சு எடுக்கும்போதும் சத்தம் அறாது. என் மனைவி அன்ரனெற் வந்து கையைப் பிடித்து இழுத்தால்தான் நிறுத்துவேன்.

பதினைந்து வயதில் மன்னாரிலிருந்து கனடாவுக்கு வந்தவன் நான், இங்கே கடேற் என்ற மாணவர் படையின் பாண்டில் சேர்ந்து பழகினேன். பிறகு ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் சனிக்கிழமை காலைகளில் நானே கற்பித்துக்கொண்டிருந்தேன். வருகிறவர்கள் பெரும்பாலும் பென்சன் எடுத்த வெள்ளைக்காரர்கள். 2009 ஜனவரியில் றோசலின் அக்கா வந்து நின்றபோது, வழி தவறி வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். ஐம்பத்திரண்டு வயது. முதியோர் இல்லத்தில் வேலை.

"உதை ஏன் அக்கா பழகப்போறியள்?"

"வீட்டில இருந்தால் ரீவி, போன், அழுகை. நான் வேலை செய்யிற இடத்தில ஒருத்தர் வந்து ஊதினவர். ஊதேக்க மனுசரால அழ ஏலாது எண்டு பாத்தன். அதுதான் வந்தனான்."

அது உண்மைதான். அழுதால் மூச்சு உடையும், மூச்சு உடைந்தால் எல்லாம் நாசம். இத்தனை வருடத்தில் எனக்கு அது தோன்றவில்லை.

அவருக்கு இருந்தது ஒரே தம்பி, யோசப். மனைவியோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் முள்ளிவாய்க்காலில் பதுங்குகுழிக்குள் கிடந்தான். யாரோ ஒருவரிடம் சற்றலைற் போன் இருந்தது. வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு நிமிடம் பேசலாம். அவனுடைய முறை வந்தால் சனிக்கிழமைதான் வரும், அங்கே பொழுதுபட்டபிறகு. இங்கே எங்கள் வகுப்பு நேரம். நாங்கள் எடுக்க முடியாது, அவன் எடுத்தால்தான் உண்டு.

மே மாதம் முதல் சனி அவன் அக்காவிடம் ஒன்று கேட்டான். கடனீரேரியைக் கடந்து ஆமிப் பக்கம் போகவா, குழிக்குள்ளேயே இருக்கவா? "நீங்கள் வெளியில இருக்கிறியள், உங்களுக்குத்தான் தெரியும். நீங்கள் சொல்லுற மாதிரிச் செய்யிறன்." அக்கா ஒரு கிழமை தவணை கேட்டார். பிறகு ஸ்காபரோ முழுக்க அலைந்தார். கடந்து போன சனத்தின் உறவுகளைத் தேடித்தேடி விசாரித்தார். ஒருவர் போகச் சொன்னார், இன்னொருவர் சுட்டுப்போடுவான் என்றார். ரொறன்ரோவில் சூடேற்றிய வீட்டுக்குள் இருந்துகொண்டு நாலு உயிருக்கு வழி சொல்ல வேண்டும் என்றால் யாரால் முடியும்?

அடுத்த சனி வந்ததும் என்னிடம்தான் முதலில் சொன்னார். "போகச் சொல்லப்போறன் தம்பி. இருந்தால் நிச்சயம் சாவு. போனால் தப்பக்கூடும்."

அதுவரை அவர் ஊதியது சின்னப் பயிற்சிக் குழல். அதில் பெரிய சத்தம் வராது, போன் அடித்தால் கேட்கும். அன்றைக்கு எனக்கு என்ன பிடித்ததோ, "இண்டைக்குப் பையைத் தூக்குங்கோ" என்றேன்.

"இண்டைக்கு வேண்டாம் தம்பி. அவன் எடுத்தால்?"

"போனுக்குப் பக்கத்தில நான் நிக்கிறன். நீங்கள் ஊதுங்கோ."

நிலவறையில் சிக்னல் இல்லை. படிக்கட்டின் உச்சியில், ஜன்னலோரம் மட்டும் கிடைக்கும். போனை அங்கே வைத்துவிட்டு நானும் நின்றேன். அக்கா காதில் அடைப்பான் வைத்து, கண்ணை மூடி, பையை நிரப்பி ஒரு தட்டுத் தட்டினார். மூன்று குழலும் ஒருமிக்கப் பிடித்துக்கொண்டன. முதல் நாளிலேயே இப்படிப் பிடித்தவரை நான் கண்டதில்லை. பெருமையில் எனக்கு மயிர் கூச்செறிந்தது.

அப்போது போன் அடித்தது.

"அக்கா?"

"நான் அக்கான்ர மாஸ்ரர், மாக்கஸ். பொறும், கூப்பிடுறன்." கத்தினேன். அவருக்குக் கேட்கவில்லை. நான் படியிறங்கினால் லைன் போய்விடும்.

"உங்கை என்ன சத்தம்? உங்கையும் அடிக்கிறாங்களோ?"

"சீச்சீ, இது பாக்பைப். ஸ்கொட்லாந்துக்காரற்ற வாத்தியம். உங்கட அக்காதான் ஊதிறா. ஒரு பை இருக்கு, அதை வாயால நிரப்பி..."

சொல்லிக்கொண்டே போனேன். சுருதிவரைக்கும் சொன்னேன். அவன் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். மரியாதையான பிள்ளை. லைன் அறுந்தது.

அக்கா கண் திறந்து, என் கையில் போனைப் பார்த்துவிட்டு வாயை எடுத்தார். வாயை எடுத்தாலும் பையில் காற்று இருக்கும்வரை அது கத்தும். கத்தி முடியும்வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அவனோ?"

"ஓம். கட்டாயிட்டுது."

"போகச் சொல்லிச் சொன்னனீரோ தம்பி?"

"ஓம்," என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. அந்த முகத்துக்கு வேறு பதில் என் வாயில் வரவில்லை. அக்கா படியில் அமர்ந்து சிலுவை போட்டுக்கொண்டார். அடுத்த சனி எடுப்பான், அப்போது சரிக்கட்டிவிடலாம் என்று என்னை நானே தேற்றினேன்.

அடுத்த சனி போன் வரவில்லை. திங்கட்கிழமை போர் முடிந்தது என்றார்கள்.

வவுனியா முகாம்களிலிருந்து பெயர்ப் பட்டியல்கள் வரத்தொடங்கின. அக்கா ஒன்று விடாமல் பார்த்தார். "மாக்கஸ் சொன்னவர், கடந்திருப்பான்" என்று எல்லோரிடமும் சொன்னார். நான் வகுப்பை நிறுத்திவிட்டேன். முதுகுவலி என்று சொன்னேன்.

செப்டெம்பரில் வீட்டுக்கே வந்தார், காணாமல் போனவர்களைத் தேடும் படிவத்தோடு. கடைசியாகப் பேசியவர் யார், என்ன பேசினார்கள் என்று அதில் ஒரு பகுதி இருந்தது.

"கதைச்சது நீர்தானே. உம்மடை கையால எழுதும்."

'அங்கே என்ன சத்தம் என்று கேட்டார்' என்று எழுதினேன். அத்தோடு பேனாவை வைத்தேன். கேட்கட்டும், கேட்டால் சொல்லிவிடுவேன் என்று நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டேன்.

அக்கா கண்ணாடியைப் போட்டு வாசித்தார். "போகச் சொன்னதை விட்டிட்டீர்."

"அக்கா, நான்..."

"அதுதான் தம்பி முக்கியம். எந்தப் பக்கம் தேடவேணும் எண்டு அப்பதானே அவைக்குத் தெரியும்." என்னைப் பாராமல் சொன்னார். "என்ர பதிலுக்குக் காத்திருந்து அவன் அங்கயே கிடக்கேல்லை. அது ஒண்டாலதான் நான் சாப்பிடுறன், நித்திரை கொள்ளுறன்."

பேனாவை எடுத்தேன். 'கடந்து போகும்படி அக்கா சொன்னதாக அவரிடம் சொன்னேன்' என்று எழுதினேன். அக்கா பார்த்துக்கொண்டே நின்றார். அவர் கேட்காமலே கீழே இன்னொரு வரியும் சேர்த்தேன்.

'சரி, உடனே வெளிக்கிடுகிறோம் என்றார்.'