மூன்று தடவை துடைத்த ஜன்னல்

தோளுக்கு அடியில் ஒரு கையும் இடுப்புக்கு அடியில் ஒரு கையும் கொடுத்து அவள் கணவரைத் தன் பக்கமாகத் திருப்பினாள். மகள் எதிர்ப்பக்கம் நின்று ஈர விரிப்பை உருவினாள். ஜன்னல் துடைக்க வாளியும் வைப்பருமாக மாடி மாடியாக ஏணி ஏறிய உடம்பு, இப்போது அவள் இரு கைக்குள் அடங்கியது. இன்றோ நாளையோ என்று டாக்டர் காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அந்நேரம் பார்த்து போன் அடித்தது. பியானோ டீச்சர், பதினாறு வருட வாடிக்கை. நேற்று இவர்கள் அனுப்பிய வேலையாள் துடைத்த கூடத்து ஜன்னல் கோடு கோடாக இருக்கிறதாம். இங்கே என்ன நடக்கிறது என்று டீச்சருக்குத் தெரியாது. "கூடத்து ஜன்னல்ல கோடா?" என்று மட்டும் அவள் திருப்பிக் கேட்டாள்.

"வெயில்ல துடைச்சிருப்பான்" என்றார் கணவர்.

இரண்டு நாளாகப் பேசாத வாய். மகள் விரிப்பைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள்.

"சாயங்காலமாப் போகணும். வெளிய மேலேர்ந்து கீழ, உள்ள குறுக்க. அப்பத்தான் கோடு எந்தப் பக்கம்னு தெரியும்."

நாளை சாயங்காலம் வந்து சரிசெய்து தருகிறோம் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள். அவர் சொன்னதெல்லாம் அவள் அவருக்குச் சொல்லிக்கொடுத்தவைதான்.

கல்யாணத்துக்கு முன் அவளும் ஒரு வாடிக்கைதான். அவர் துடைத்துவிட்டுப் போன ஜன்னலில் திட்டு இருக்கிறது என்று மூன்று தடவை திரும்ப வரவழைத்தாள். நாலாவது தடவை அவர் வாளி இல்லாமல் வந்தார். கட்டிக்கொண்டால் புகார் நின்றுவிடும் என்று ஏமாந்துபோனதாக எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். புகார் நிற்கவில்லை. ஒரு தடவை கூப்பிட்டவர்கள் மறுபடி ஏன் கூப்பிடுவதில்லை என்று அவள் ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டாள். குழாய்த் தண்ணீர் காய்ந்து வெள்ளைப் புள்ளி விடுகிறது என்று வடிகட்டிய தண்ணீருக்கு மாற்றினாள். மாதம் ஒருமுறை வைப்பரின் ரப்பரைக் கழற்றிப் புதிது போட்டாள். காலை வெயில் விழும் ஜன்னல்களை மதியத்துக்குமேல் தள்ளினாள். வேலை முடிந்ததும் சுவரோரம் போய், கன்னம் கண்ணாடியில் பட்டுவிடும்போல் சாய்ந்து பார்ப்பாள். "இன்னொரு தடவை" என்பாள். இல்லையென்றால், "சரி, அடுத்த வீடு." அதன்பிறகு வந்த வாடிக்கை எதுவும் விட்டுப்போகவில்லை. ஆனால் நன்றாக இருக்கிறது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அதைச் சொல்லவேண்டும் என்றே அவளுக்குத் தோன்றியதில்லை.

மதியம் அறையில் வெளிச்சம் மெல்ல நகர்ந்தது. கட்டில், மருந்துப் பாட்டில்கள், நாற்காலியில் தூங்கும் மகள் எல்லாம் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் இருந்தன. அவளும் கண்ணயர்ந்திருக்க வேண்டும்.

"மேடம்."

அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு இளவயதுக்காரனின் கூச்சம்.

"கோவிச்சுக்காதீங்க மேடம். இன்னொரு தடவை துடைச்சுத் தந்துடறேன்."

"அப்பா, அது அம்மாப்பா" என்று எழுந்த மகளை அவள் கையமர்த்தினாள்.

"வேணாங்க. நல்லா இருக்கு."

"சும்மா சொல்லாதீங்க. பக்கவாட்டுல பாத்துச் சொல்லுங்க."

அவள் குனிந்து அவர் தலையணையில் கன்னத்தை வைத்துப் பக்கத்து ஜன்னலைப் பார்த்தாள். கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. மேகம் ஒன்று நேராக அறைக்குள் வந்துகொண்டிருந்தது.

"பாத்துட்டேன். ஒரு கோடு இல்ல."

விரிப்பின்மேல் அவர் கை குறுக்கே ஒருமுறை போய்த் திரும்பியது.

"அப்ப நான் கெளம்பட்டுமா மேடம்?"

ஒரே ஒரு தடவை 'நீ' என்று சொல்லிவிடமாட்டாரா என்று அவள் காத்திருந்தாள். அவரும் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"கெளம்புங்க" என்றாள்.

நாலு மணி வாக்கில் மூச்சு நின்றது.

மறுநாள் மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வந்தவர்கள் ஆளுக்கொரு மூலையில் அசந்து படுத்திருந்தார்கள். அவள் வாளியை எடுத்தபோது, "இன்னைக்காம்மா?" என்றாள் மகள். வருவதாக டீச்சரிடம் சொல்லியாயிற்று என்றாள் அவள். மகள் அதற்குமேல் எதுவும் கேட்காமல் வண்டியில் ஏணியை ஏற்றினாள்.

டீச்சர் வீட்டில் பாடம் நடந்துகொண்டிருந்தது. உள்ளறையில் ஒரு சிறுமி ஒரே வரியை வாசித்து, ஒரே இடத்தில் தப்பி, திரும்ப ஆரம்பித்தாள். மகள் ஏணியைப் பிடித்துக்கொள்ள, அவள் வெளியே மேலிருந்து கீழாகத் துடைத்தாள். உள்ளே வந்து குறுக்கே துடைத்தாள். ஓரத்து ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு இறங்கியபோது டீச்சர் வந்து நின்றார்.

"சார் வரலையா?"

"வரல டீச்சர்."

டீச்சர் ஜன்னலைப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார். ஏதாவது குடிக்கிறீர்களா என்று கேட்டார். அவள் தண்ணீர் கேட்டாள். கொண்டுவந்த டம்ளரை நின்றபடியே ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். பிறகு, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று டம்ளரை நீட்டினாள்.

உள்ளே பியானோ அந்த வரியைத் திரும்பவும் தொடங்கியது.