கத்தாத வென்டிலேட்டர்

அந்த வென்டிலேட்டருக்கு மூச்சுக் கொடுக்கவும் தெரியும், குழாய் கழன்றால் கத்தவும் தெரியும். வம்பே அந்தக் கத்தலில்தான். ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்கக் குழாயைக் கழற்றி மாட்டி, அது ஊரைக் கூட்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் மண்டை வெடிக்காது? அதை ஒப்பந்தத்தில் வடிவமைத்த பொறியாளரும், அதற்குப் புரோகிராம் எழுதிய அவள் நாத்தனாரும் ஸ்பீக்கர் மேல் டேப்பை ஒட்டிவிட்டு நிம்மதியாக வேலை பார்த்தார்கள். மகராசிகள், வேறென்ன சொல்ல?

ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் சரியென்றால்தான் ஒப்பந்தம் நீளும். இல்லையென்றால் இயந்திரம் மூலைக்கு, இவர்கள் வீட்டுக்கு. அன்று அவர் முன்னால் ரப்பர் நுரையீரல் ஒன்றை மாட்டிக் காட்டினார்கள். அது ஜோராக ஏறி இறங்கியது. நர்ஸ் சட்டென்று குழாயைப் பிடுங்கினார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. சத்தத்தைக் காணோம்.

"ஏம்மா, இது கத்தாதா?"

பொறியாளர் நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

"நீ எடுக்கலையா?"

"நீங்க எடுத்திருப்பீங்கன்னு நெனச்சேன் அண்ணி."

இனி மழுப்பி என்ன பயன்? பொறியாளர் டேப்பைப் பிய்த்தாள். இயந்திரம் அலறிய அலறலில் நர்ஸே ஓரடி பின்வாங்கினார். குழாயை மாட்டியதும் அடங்கியது.

"தப்பு எங்களோடதுதான் சிஸ்டர். சத்தம் தாங்காம நாங்களே ஒட்டினோம், எடுக்க மறந்துட்டோம்."

நர்ஸ் அவர்களைப் பக்கத்து வார்டுக்கு அழைத்துப்போனார். அங்கிருந்த பழைய இயந்திரங்களின் பின்புறத்தைக் காட்டினார். ஒன்றின் ஸ்பீக்கரில் பஞ்சு, இன்னொன்றில் பிளாஸ்திரி.

"நோயாளி இருமினாக்கூட இது அலறுது. எங்க பொண்ணுங்க அடைக்கிறாங்க, நான் திட்டிப் பிடுங்கறேன், திரும்ப அடைக்கிறாங்க. என்னைக்கு ஒரு உயிர் போகுமோன்னு எனக்குத் தூக்கமே இல்ல. மெஷினைச் செஞ்சவங்களைக் கேட்டா, யாராவது அடைப்பாங்களான்னு சிரிக்கிறாங்க. தாங்கலன்னு ஒத்துக்கிட்ட மொத இன்ஜினியர் நீங்கதான்."

"அப்ப எங்க ஒப்பந்தம்?" பொறியாளர் கேட்டாள்.

"நீட்டிக்கச் சொல்றேன். எங்களை எழுப்பவும் செய்யணும், யாருக்கும் அடைக்கவும் தோணக்கூடாது. அப்படி ஒரு சத்தம் செஞ்சு கொடுங்க."

அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது பொறியாளருக்கு. அத்தனை சந்தோஷம்.

"ஆனா ஒண்ணு," என்றார் நர்ஸ். "வேலை முடியற வரைக்கும் ஸ்பீக்கர்ல டேப் ஒட்டக்கூடாது. உங்க காதுக்கே ஆகலன்னா எங்க காதுக்கு எப்படி ஆகும்?"

நாத்தனார் மெல்ல இருமினாள்.

"அண்ணி, நாளைக்கு எனக்கு லீவு."