உச்சிக்கல் வரிசை

கும்பிட்டு எழுந்தவர்களிடம் நாத்தனார் சூனிம் மறுபடியும் அதையே சொல்ல ஆரம்பித்தாள்.

"எந்தம்பி குடுத்து வெச்சவன். மலையில போனாலும் அனாதையா போகல. பொண்டாட்டி மடியிலதான் உசுரு போச்சு."

கறுப்பு உடையில் பக்கத்தில் நின்ற கும்ரேவுக்கு முகம் எரிந்தது. நேற்று நாத்தனார் தானாகவே அப்படி நினைத்துக்கொண்டு கட்டிப்பிடித்து அழுதபோதே இல்லையென்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இப்போது ஆஸ்பத்திரியின் இழவுக்கூடம் முழுக்க கும்ரேவின் பெருமைதான்.

இலை சிவக்கும் மாதத்தில் அந்த மலையில் எள் போட்டால் எள் விழாது. உச்சியில் பெயர் செதுக்கிய கல்லோடு படம் எடுக்காவிட்டால் ஏறியதாகவே ஒருத்தரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அதற்கும் ஒரு வரிசை. அன்று சற்றுக் கீழேயே அவள் கணவர் தேக்சு உட்கார்ந்துவிட்டார். "நீ போய் எடம் புடி, வந்துடறேன்" என்றார். வரிசை பாதி நகர்ந்தபோது போன் வந்தது.

"நெஞ்சு என்னமோ பண்ணுது. எறங்கி வர்றியா?"

"ஏறுனா மூச்சு வாங்கத்தான் செய்யும். தண்ணியக் குடிங்க. எனக்கு முன்னால கொஞ்சம் பேருதான்."

படத்தில் நன்றாகத்தான் சிரித்திருந்தாள். இறங்கி வந்தபோது பாதையை மறித்துக்கொண்டு கூட்டம். முன்பின் தெரியாத ஒரு பெண் அவர் தலையை மடியில் வைத்திருந்தாள்.

அதே பெண் இப்போது வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

வெள்ளைச் செவ்வந்தியை தேக்சுவின் படத்துக்கு முன்னால் வைத்து இரண்டு முறை விழுந்து கும்பிட்டாள். பிறகு கும்ரேவின் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"மலையேறுற சங்கத்துல விசாரிச்சு வந்தேன்க்கா. மனசு கேக்கல."

கும்ரே தலையை மட்டும் ஆட்டினாள்.

"திரும்ப உங்களக் கூப்பிடவான்னு கேட்டேன். வேணாம்னுட்டார். 'ரொம்ப நேரமா நிக்கிறா, படம் எடுத்துட்டே வரட்டும்'னார்."

அவர் திட்டியிருந்தால் கும்ரே தாங்கியிருப்பாள். செத்துப்போனவரின் படத்தைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

அதற்குள் சூனிம் வந்துவிட்டாள். "யாரும்மா இது? தம்பிக்குப் பழக்கமா?"

இப்போதாவது சொல்லிவிடலாம் என்று கும்ரே வாயைத் திறந்தாள். அழுது வீங்கிய கண்களோடு நாத்தனார் அவள் கையைப் பிடித்திருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கை இவ்வளவு பிரியமாக அவளைப் பிடித்ததில்லை.

"அன்னிக்கு மலைக்கு வந்தவங்க, அண்ணி. பின்னால வந்துட்டிருந்தாங்க."

"அப்பிடியா? அப்ப நீங்களே பாத்திருப்பீங்களே! இவ மடியிலதானே அவன்..."

அந்தப் பெண் கும்ரேவைப் பார்த்தாள். கும்ரே தரையைப் பார்த்தாள்.

"ஆமாங்க," என்றாள் அந்தப் பெண். "பாத்தேன்."

"கேட்டுக்குங்கடி!" என்று சூனிம் உள்ளே இருந்தவர்களைப் பார்த்துக் குரல் கொடுத்துக்கொண்டே போனாள்.

கும்ரே அந்தப் பெண்ணைச் சாப்பாட்டு மேஜைக்குக் கூட்டிப்போய், காரமான மாட்டிறைச்சி சூப்பும் சோறும் தானே கொண்டுவந்து வைத்தாள். அவள் ஒரு வாய் எடுத்தாள். கும்ரே கிம்ச்சி ஊறுகாய்த் தட்டை அவள் பக்கம் தள்ளினாள். பிறகு பணியாரத் தட்டை. பிறகு, இன்னும் நிறைந்தே இருந்த கிண்ணத்தில் மேலும் சூப்பை ஊற்றினாள்.