என் இடத்தில் ஒரு பேட்டரி

நூற்றுப் பத்து கிலோ. அந்தக் காலத்தில் அதுதான் என் எடை, என் மரியாதையும் அதுதான். இப்போது வைத்தியர் பேச்சைக் கேட்டு இளைத்துவிட்டேன்; ஒரு நாய்கூட மதிப்பதில்லை. மதித்த ஒரே மனிதனும் போய்ச் சேர்ந்துவிட்டான்.

எங்கள் ஊர் சாலினாஸ் பக்கம் கரும்பாலை மூடிய பிறகு, ஆலைக்குப் போகும் நேர்ச்சாலை சும்மா கிடந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் ஊர் இளவட்டங்கள் அங்கே கார் பந்தயம் விடுவார்கள். என் தங்கை மிக்தாலியாவின் புருஷன் எலியேசரிடம் ஒரு பழைய கொரோலா இருந்தது. எஞ்சினைக் குடைந்து குடைந்து அதற்குப் பேய்ப் பலம் ஏற்றி வைத்திருந்தான். ஆனால் கிளம்பும்போது வலப்பக்கப் பின்சக்கரம் தரையைப் பிடிக்காமல் சும்மா சுற்றும். அதற்கு அவன் கண்டுபிடித்த வைத்தியம் நான். பின்சீட்டின் வலது மூலையில் என்னை உட்கார வைப்பான். சக்கரம் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடும்.

"என் மச்சான் எவரிஸ்தோ ஏறலேன்னா இந்த வண்டி நகராது" என்று ஊரெல்லாம் சொல்வான். அந்த ஒரு வார்த்தைக்காகவே ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருப்பேன். வாரம் முழுக்க ஜன்னல் கம்பி பற்றவைக்கிறவனை வேறு யார் புகழப்போகிறார்கள்?

ஒரு வருஷம் போலீஸ் ஆலைச் சாலையை மறித்துவிட்டது. எலியேசர் என் பட்டறைக்கு வந்து, முகத்தைப் பார்க்காமல் விஷயத்தைச் சொன்னான். இனிமேல் முறையான பந்தயத் திடலில்தான் ஓட்டியாக வேண்டும். அங்கே ஓட்டுகிறவனைத் தவிர ஒரு ஈ, காக்கைகூட வண்டியில் இருக்கக் கூடாதாம். அதனால் பானெட்டுக்குள் இருக்கும் பேட்டரியைக் கழற்றி, டிக்கியில், வலது சக்கரத்துக்கு மேலாக வைக்க வேண்டுமாம். மூக்கில் குறைகிற எடை வாலில் கூடுமாம். பேட்டரி இருபது கிலோகூடத் தேறாதே, நான் எங்கே அது எங்கே என்றேன். மொத்த வண்டியும் லேசாகிவிடும், அதுவே போதும் என்றான். அதாவது, நான் இல்லாததுதான் ஆதாயம். கறிவேப்பிலை மாதிரி எடுத்து ஓரமாக வைத்துவிட்டான்.

இதில் கொடுமை என்னவென்றால், என் இடத்தைப் பிடிக்கப்போகிறதை நானே பொருத்த வேண்டும். அவனிடம் விட்டால், தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற, வரிசையாகத் துளை போட்ட தகரப் பட்டையால் கட்டி, நாலு திருகாணியை முறுக்கிவிட்டுப் போய்விடுவான்.

"எங்கயாவது முட்டுச்சுன்னா அது செங்கல் மாதிரி பறந்து வந்து உன் பொடதியில அடிக்கும்டா மாப்ளே. என் தங்கச்சிக்கு யாரு பதில் சொல்றது?" என்று திட்டிவிட்டு வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.

டிக்கியின் தரையைத் துளைத்து, அடியில் கனமான இரும்புப் பட்டை கொடுத்து, இரண்டு தடித்த போல்ட்டுகளை ஊடுருவ விட்டு முறுக்கினேன். பேட்டரிக்கு மூடி போட்ட அலுமினியப் பெட்டி. அமில ஆவி வெளியேற, பெட்டியிலிருந்து வண்டிக்கு அடியில் ஒரு குழாய். முன்னால் போகும் கேபிள் தகட்டில் உரசித் தீப்பொறி கிளம்பாமல் இருக்க ரப்பர் வளையம். கடைசியாக, டிக்கிக்கும் வண்டியின் உள்பக்கத்துக்கும் நடுவே சந்து இல்லாமல் தகடு அடைத்தேன். எடை குறைக்கவென்று பின்சீட்டை ஏற்கெனவே கழற்றி வீசியிருந்தான். நான் உட்கார்ந்த மூலை வெறும் தகரமாகக் கிடந்தது. வெல்டிங் கண்ணாடிக்குள்ளேயே அழுதேன்.

பந்தயத் திடலில் வண்டிகளைச் சோதிக்கிறவர் அனிபால் என்று ஒரு பெரியவர். பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். வண்டிதான் ஆடியது, பெட்டி அசையவில்லை. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, வண்டிக்குப் பின்னால் வெளிப்பக்கம் நான் வைத்திருந்த சுவிட்சைத் திருப்பினார். விபத்து நடந்தால் யாராவது ஓடி வந்து அதைத் திருப்பியதும் எஞ்சின் நிற்க வேண்டும். எங்கள் எஞ்சின் நிற்கவில்லை. பேட்டரியின் இணைப்பை அறுத்தாலும், எஞ்சினோடு சுற்றும் ஆல்டர்னேட்டர் தன் பங்குக்கு மின்சாரம் ஊட்டிக்கொண்டே இருந்தது. இதைச் சரிசெய்யாமல் ஓடக்கூடாது என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

எலியேசரின் முகம் செத்துப்போயிற்று. எனக்குள்ளோ ஒரு பிசாசு குதித்தது. விட்டுவிடு, வேறு எங்காவது காலி ரோடு கிடைக்கும், மறுபடியும் நீ ஏறாமல் வண்டி நகராது என்றது. ஆனால் அவன் கதவில் சாய்ந்து நின்ற கோலத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. பக்கத்து வண்டிக்காரனிடம் கேபிள் வாங்கி, தொப்பையைத் திணித்துக்கொண்டு காருக்கு அடியில் புகுந்தேன். ஆல்டர்னேட்டர் கம்பியைப் பின்னால் இழுத்து வந்து, சுவிட்சில் பேட்டரி இணைந்திருக்கும் பக்கத்தில் சேர்த்தேன். இனி சுவிட்சைத் திருப்பினால் இரண்டும் ஒன்றாக அறுந்துவிடும். அனிபால் மறுபடி திருப்பினார். எஞ்சின் சட்டென்று அடங்கியது.

நான் வேலியோரம் நின்றேன். பச்சை விளக்கு எரிந்ததும் கொரோலா சீறிக் கிளம்பியது. வலது சக்கரம் துளிகூடச் சும்மா சுற்றவில்லை. நான் உட்கார்ந்த நாள்களில்கூட அது அப்படிக் கிளம்பியதில்லை. என் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அப்போது பார்த்து எஞ்சின் கதறியது. கதறிக்கொண்டே போயிற்று, எலியேசர் கியரை மாற்றவே இல்லை. பக்கத்துத் தடத்தில் வந்த மாஸ்டா தாண்டிப் போய்விட்டது.

திரும்பி வந்தவனைப் பிடித்துக்கொண்டேன். "ஏன்டா மாப்ளே, கியர் போடக்கூடவா மறந்துட்டே?"

"மறக்கல மச்சான். உன் சத்தத்துக்குக் காத்துக்கிட்டிருந்தேன்."

எனக்குப் புரியவில்லை.

"ஒவ்வொரு வாட்டியும் பின்னாலேருந்து 'மாதாவே'ன்னு கத்துவியே. அதக் கேட்டுத்தான் நான் கியர் மாத்துவேன். இத்தன வருசமா அப்படித்தான்."

அட பாவி! ஒவ்வொரு ஓட்டத்திலும் செத்தோம் என்று நினைத்துத்தான் நான் மாதாவைக் கூப்பிட்டேன். நடுங்கிப்போய்க் கத்திய கத்தல் அது. வெட்கத்தை விட்டு அதை அவனிடம் சொன்னேன்.

அவன் தலைக்கவசத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தான். "பயந்தியோ என்னமோ. சரியான நேரத்துல பயந்தே."

தோற்றதற்காக அவன் அன்று முழுக்கப் புலம்பிக்கொண்டிருந்தான். எனக்கோ, என் ஜென்மத்தில் அவ்வளவு சந்தோஷமான நாள் வேறு வாய்த்ததில்லை.