பதினான்காம் கேள்வி

சுற்று வட்டாரத்திலேயே தற்கொலை குறைந்த பகுதி அது என்று சுகாதார அலுவலகத்தில் எல்லோருக்கும் பெருமை. படிவத்தின் பதினான்காம் கேள்விக்கு அங்கே யாரும் ‘ஆம்’ என்று சொன்னதே கிடையாது. அதனால் வீடு வீடாகக் கணக்கெடுக்கும் அவள், கிளம்பும் முன்பே நாற்பது தாள்களிலும் ‘இல்லை’ என்று குறி போட்டுவிடுவாள். கேட்டு வசை வாங்குவானேன்?

கடைசித் தாள் அவளுடைய அண்ணன் வீடு. பேருந்து ஓட்டுநர். அன்று விடுப்பு. அண்ணி வேலைக்குப் போயிருந்தாள்.

“வாங்க மேடம். செருப்பைக் கழட்டுறதுக்கும் ஒரு கட்டம் இருக்கா?”

“சும்மா இருண்ணா. ரத்த அழுத்தம்?”

“உன்னைப் பாத்தாதான் ஏறுது.”

“தூக்கம்?”

“ஸ்டியரிங்கைப் பிடிச்சா மட்டும் வருது.”

அவள் சிரித்துக்கொண்டே பதினைந்துக்குத் தாவினாள்.

“நில்லு. நடுவுல ஒண்ண முழுங்கிட்டியே.”

“அந்தக் கண்றாவி உனக்கெதுக்கு? செத்துப்போகணும்னு இந்த வருஷத்துல எப்பவாவது தோணிச்சான்னு கேக்கணுமாம்.”

“தோணிச்சு.”

அடுத்து ஒரு கேலி வரும் என்று காத்திருந்தாள். மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் பார்வை தாளுக்குப் போனது. அவனுடைய பதிலைக் காலையிலேயே அவள் எழுதி முடித்திருந்தாள். மற்ற முப்பத்தொன்பது வீடுகளின் பதிலையும்தான்.

“ஏண்ணா... ஒரு வார்த்தை சொல்லலியே?”

“யார்கிட்டம்மா சொல்றது? பக்கத்துத் தெரு தையல்காரர் அப்படிப் பண்ணிக்கிட்டப்போ, இங்கதான உக்காந்திருந்த? ‘கோழைப்பய, குடும்பத்தையே தலைகுனிய வச்சுட்டான்’னு நீதான் சொன்ன. நானும் ஆமாம் போட்டேன். அவங்க வீட்ல நெஞ்சுவலின்னு சொல்லி முடிச்சுட்டாங்க. நாம துக்கம் கேக்கக்கூடப் போகல.”

 ‘உனக்கென்ன குறைச்சல்?’ என்ற கேள்வி அவள் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

“இப்பவும் தோணுதா?”

அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

“காலையிலகூட.”

அவள் எழுந்தாள். 

“வா. ஆஸ்பத்திரிக்குப் போகலாம். இப்பவே. நான் கூடவே இருக்கேன்.”

“தெருவுல கேட்டா என்னன்னு சொல்லுவ?”

ஜன்னலுக்கு வெளியே யாரோ பேசிக்கொண்டு போனார்கள். அந்தக் குரல்கள் தேயும்வரை இருவரும் அசையவில்லை.  கொடியில் கிடந்த அவன் சட்டையை எடுத்து நீட்டினாள்.

அவன் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டான். பொத்தான் போட வரவில்லை. அவளே போட்டுவிட்டாள்.