ஆடு நடுங்காத நாள்

1

ஏகோன் எனக்குத் தர வேண்டியது மூன்று ஓபொல் காசு. தர வேண்டுமா, வேண்டாமா என்று தெரியாததால்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். முப்பது வருடமாக டெல்ஃபி கோயிலுக்குத் தண்ணீர் சுமக்கிறேன். எழுத்து, வழியோரக் கல்வெட்டுகளைப் பார்த்துத் தாமதமாகக் கற்றது. வாக்கியம் அங்கங்கே இடறும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: அப்போலோ சாமிக்காகக் கணவனைத் துறந்த புனிதவதி மெலிட்டா, மலைமீது

வேண்டாம். வெங்காயம் தின்னக் கூடாது என்று பூசாரிகள் சொன்னதற்கு ஒருநாள் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவள் அவள்.

2

குறி சொல்ல அவளைத் தேர்ந்தெடுத்தபோது வயது ஐம்பத்திரண்டு. அன்றே வீட்டைவிட்டு வந்துவிட வேண்டும், அதுதான் முறை. கணவன் ஏகோன் ஆடு மேய்ப்பவன். குறி நாளன்று சோதனை ஆட்டை அவனே ஓட்டிவருவான். தூரத்தில் நின்று அவளைப் பார்த்துவிட்டுப் போவான்.

(சோதனை: ஆட்டின் தலையில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுவேன். குளம்பிலிருந்து நடுங்கினால் சாமி வந்திருக்கிறார். இல்லையென்றால் அன்று குறி கிடையாது.)

நான்கு வருடம் கழித்து அவள் ஏகோனுக்கு என்னிடம் சொல்லியனுப்பினாள். இந்தமுறை ஆடு நடுங்காவிட்டால் சாமிக்குத் தான் வேண்டாம் என்று அர்த்தம், வீட்டுக்கு வந்துவிடுவாளாம்.

ஏகோன் என் குடத்தையே பார்த்தான். "அண்ணே, தண்ணியக் கொஞ்சம் சூடு பண்ணினா என்ன?"

"சாமி பாத்துக்கிட்டு இருக்கும்டா."

"நாலு வருசமா நானுந்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். அவ வீடு வந்தா மூணு ஓபொல் தரேன்."

3

சூடாக்கி ஊற்றினேன். ஆடு நடுங்கவில்லை. சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டது.

வாசலில் நின்ற மெலிட்டா, தலையிலிருந்த இலை வளையத்தைக் கழற்றினாள். அப்புறம் அவள் நடுங்கினாள். பாதத்திலிருந்து.

"சாமி வந்துட்டாரு" என்றார் பூசாரி.

"அவளுக்குக் குளிருது. ஒரு போர்வை குடுங்க" என்றான் ஏகோன்.

(பயத்தில் நடுங்கினாள் என்று எழுதி அடித்துவிட்டேன். பயந்தது நான். தலையைக் குனிந்துகொண்டேன்.)

4

நிமிர்ந்தபோது இருவரும் இல்லை. உள்ளேயிருந்து அவள் குரல் குறி சொல்லிக்கொண்டிருந்தது. மலைப்பாதையில் இரண்டு பேரின் ஈரக் காலடிகள் கீழே இறங்கியிருந்தன. ஒன்று ஏகோனின் செருப்பு. ஒன்று சின்ன வெறுங்கால்.

உள்ளே இருப்பவள்தான் மெலிட்டா என்று ஒரு முடிவு எழுதினேன். இறங்கிப் போனவள்தான் என்று இன்னொன்று. இரண்டையும் அடிக்கக் கை வரவில்லை.

இன்றைக்கும் கோயில் திரைக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் கேட்கிறது: "அண்ணே, தண்ணி சில்லுன்னு இருக்கா?" ஏகோன் வீட்டுப் பக்கம் போனால் வெங்காயம் வதங்கும் வாசனை. கதவைத் தட்ட எனக்குத் துணிச்சல் இல்லை.

உங்களுக்கு இருந்தால் போய்த் தட்டுங்கள். யார் திறந்தாலும் அந்த மூன்று ஓபொலை மட்டும் கேட்காதீர்கள். அதைத் தள்ளுபடி செய்துவிட்டேன்.